ஊழல் என்னும் சொல்

புணே நகரின் மேற்கே, முளா ஆற்றுக்கும் துகாய் அன்னையின் கோயில் அமைந்த சிறு குன்றுக்கும் இடையில் இருக்கிறது பாணேர். ஒரு காலத்தில் வயல்கள் சூழ்ந்த கிராமம்; 1997இல் மாநகராட்சி எல்லைக்குள் வந்தது. பக்கத்து ஹிஞ்சவடியில் கணினி நிறுவனங்கள் பெருகியபின் அடுக்குமாடிக் கட்டடங்கள் நிறைந்த பகுதியாயிற்று. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களில் சில, வாரந்தோறும் ஒன்றுகூடி பகவத்கீதையைப் படித்து வருகின்றன. ஒருநாள் ஆறாம் அத்தியாயத்தில் 'யோகப்ரஷ்டன்' என்ற சொல் வந்தது. யோக நெறியிலிருந்து வழுவியவன் என்பது அதன் பொருள். ஓர் அன்பர் கேட்டார்: "மராத்திப் பத்திரிகைகளில் தினமும் 'பிரஷ்டாசார்' என்று பார்க்கிறோமே, அந்தப் பிரஷ்டமும் இதுவும் ஒன்றுதானா, சுவாமிஜி?" ஒன்றுதான் என்று சொன்னதும், அருகிலிருந்த மற்றோர் அன்பர் தயக்கத்துடன் கேட்டார்: "அப்படியானால், என் வீட்டுப் பத்திரம் நகர வேண்டும் என்பதற்காகப் பணம் கொடுத்த நானும் பிரஷ்டன்தானா?"

முதல் கேள்வி சொல்லைப் பற்றியது. இரண்டாவது வாழ்வைப் பற்றியது. ஆனால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு செயலுக்கு நாம் எந்தப் பெயரை இடுகிறோமோ, அதுவே அச்செயலைப் பற்றி நாம் வழங்கும் முதல் தீர்ப்பு. பெயர் தவறினால் தீர்ப்பும் தவறும். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

மூன்று சொற்கள், மூன்று பார்வைகள்

தமிழில் இத்தீமையைக் குறிக்க லஞ்சம், ஊழல் என்ற இரு சொற்கள் பெருவழக்காக உள்ளன. பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். ஆனால் அவை ஒரே பொருளைச் சுட்டுபவை அல்ல.

லஞ்சம் ஒரு செயலின் பெயர். ஒரு கை கொடுக்கிறது, மறு கை வாங்குகிறது. அந்தப் பரிமாற்றத்தை இச்சொல் சுட்டுகிறது. 'லஞ்சா' என்ற வடசொல்லுடன் தொடர்புடைய இது, தென்னிந்திய மொழிகளில் ஏறத்தாழ ஒரே வடிவில் வழங்குகிறது. கன்னடத்தில் லஞ்ச, தெலுங்கில் லஞ்சம், மராத்தியில் மெல்லொலி தேய்ந்து 'லாச்'. பாலி மொழியின் ஜாதகக் கதைகளிலும் 'லஞ்ச' என்ற சொல் உண்டு. தமிழில் இதே பொருளில் கையூட்டு, கைக்கூலி, பரிதானம் என்ற சொற்களும் வழங்கின. கையூட்டு என்பது கைக்கு ஊட்டுவது. பரிதானம் என்ற வடசொல்லுக்குப் பண்டமாற்று என்பது பொருள். மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை 1859இல் வெளியிட்ட 'நீதிநூல்' கைக்கூலியைக் கண்டிக்கிறது. நீதிமன்றத்துக்குள் இருந்தவரே இதைக் கண்டித்து எழுதியது குறிப்பிடத்தக்கது. இன்று கைக்கூலி என்றால் பிறருக்காகக் கூலிக்கு இயங்கும் ஆளைக் குறிக்கிறோம். பணத்தின் பெயர், பணத்துக்கு விலைபோன மனிதனின் பெயராகிவிட்டது.

ஊழல் ஒரு நிலையின் பெயர். ஊழ்த்தல் என்ற வினைக்கு மலர்தல், முதிர்தல், பதன் அழிதல் என்ற பொருள்கள் உண்டு. பழம் கனிந்து, கனிந்த பக்குவமும் கடந்து, அழுகிப்போகும் நிலையே ஊழல். அரசியல் பொருள் அதன்மீது பிற்காலத்தில் ஏறியது. ஆங்கிலத்தில் வழங்கும் 'கரப்ஷன்' என்ற சொல்லின் லத்தீன் மூலத்திலும் சிதைவு, அழுகல் என்ற கருத்தே இருக்கிறது. உலகின் இரு கோடிகளில் இருந்த மக்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே உவமையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அழுகலுக்கு இரண்டு இயல்புகள் உண்டு. அது உள்ளிருந்து தொடங்கும். பக்கத்தில் இருப்பதையும் தொற்றும். ஒரு கூடைப் பழத்தில் ஒன்று அழுகினால் என்ன நேரும் என்பதை எந்தப் பழக்கடைக்காரரும் சொல்வார்.

பிரஷ்டாசாரம் என்பது ஒரு மனிதனின் வீழ்ச்சியைக் குறிப்பது. 'பிரம்ஶ்' என்ற வடமொழி வினைக்கு நழுவுதல், இருந்த இடத்திலிருந்து விழுதல் என்பது பொருள். ஆசாரம் என்றால் ஒழுகலாறு, நடத்தை. இடம் நழுவிய நடத்தையே பிரஷ்டாசாரம். இச்சொல் பணத்தைக் குறிப்பிடவே இல்லை. அது கேட்பது வேறொன்று: நீ நிற்க வேண்டிய இடம் எது? இப்போது எங்கே நிற்கிறாய்?

லஞ்சம் செயலைக் காட்டுகிறது. ஊழல் அந்தச் செயல்களால் சமுதாயம் அடையும் நிலையைக் காட்டுகிறது. பிரஷ்டாசாரம் செய்தவனின் உள்ளே நிகழ்ந்ததைக் காட்டுகிறது. மராத்தியிலிருந்தோ இந்தியிலிருந்தோ மொழிபெயர்க்கும்போது பிரஷ்டாசாரம் என்பதை ஊழல் என்றே தமிழாக்குகிறோம். வேறு வழியில்லை, அது சரியும்கூட. ஆனால் அந்த மாற்றத்தில் ஒன்று தவறிவிடுகிறது. அழுகியது மீண்டும் பழமாகாது. விழுந்தவனோ எழ முடியும். இந்த வேறுபாட்டைக் கட்டுரையின் இறுதியில் காண்போம்.

தின்பது என்ற வினை

இச்சொற்களுடன் எந்த வினை சேர்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. நாம் பெரும்பாலும் லஞ்சம் வாங்கினான் என்கிறோம். மராத்தியிலும் இந்தியிலும் லஞ்சம் 'தின்றான்' என்பதே வழக்கு. பாலி மொழியிலும் லஞ்சம் வாங்குபவனுக்கு 'லஞ்சத்தைத் தின்பவன்' என்று பெயர். தமிழிலும் கோபம் வரும்போது, "ஏழையின் காசைத் தின்றவன்" என்று சொல்லத் தவறுவதில்லை.

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். தின்றதை அப்படிக் கொடுக்க முடியாது, அது உடலாகிவிடும். சாந்தோக்ய உபநிஷதம் ஆகாரத் தூய்மையால் உள்ளத் தூய்மை வரும் என்று போதிக்கிறது. ஆகாரம் என்றால் வாயால் உண்பது மட்டுமல்ல, புலன்கள் வழியாக நாம் உள்ளே கொள்வதெல்லாம் ஆகாரமே என்று ஆதிசங்கரர் அதற்கு விளக்கம் தருகிறார். இந்த நோக்கில் பார்த்தால் தவறான வழியில் வந்த பணமும் ஓர் ஆகாரமே. அது வீட்டின் சமையலறைக்குள் நுழைகிறது. குழந்தையின் கல்விக் கட்டணமாகிறது. பூஜையறையின் விளக்கில் எண்ணெயாகிறது. ஜபத்தில் அமர்ந்தால் மனம் ஏன் ஒருமுகப்படவில்லை என்று கேட்பவர்களில் சிலராவது, அந்த மனம் எதை உண்டு வளர்ந்தது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறைக்கும் பெயர்கள்

ஊழல், லஞ்சம் ஆகிய சொற்களை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ஆனால் யாரைப் பற்றிப் பேசும்போது? பெரும்பாலும் பிறரைப் பற்றிப் பேசும்போது. நமது கை நீளும் இடத்தில் வேறு அகராதி ஒன்று திறக்கிறது.

அதன் முதற்சொல் மாமூல். அரபு மொழியில் செய்யப்பட்டது, நடைமுறையில் உள்ளது என்று பொருள்படும் சொல் அது. நாளடைவில் வழக்கமானது என்ற பொருளைப் பெற்றது. 'மாமூல் வாழ்க்கை பாதிப்பு' என்று மழைக்காலச் செய்தியில் படிக்கும்போது அது குற்றமற்ற சொல். கடைக்காரரிடம் மாதந்தோறும் வாங்கும் பணத்துக்கும் அதே சொல் வழங்கும்போது, நாம் அறியாமலே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தந்துவிடுகிறோம். குற்றம் எங்களுக்கு வழக்கமாகிவிட்டது என்பதே அந்த வாக்குமூலம். மராத்தியில் 'ஹப்தா' என்பார்கள். பாரசீகத்தில் வாரம் என்று பொருள். வாரத் தவணை என்ற பெயரில் அச்சுறுத்திப் பறிக்கும் பணம் கௌரவம் பெற்றுவிடுகிறது. சிறு தொகையானால் 'சிரிமிரி', இன்னும் இதமாகச் சொன்னால் 'சஹாபாணி', அதாவது தேநீருக்கும் தண்ணீருக்கும். தமிழில் டீ செலவு, அன்பளிப்பு, மேல்வரும்படி, சம்பளத்துக்கு எதுகையாகக் கிம்பளம். "கொஞ்சம் கவனியுங்கள்" என்று ஒருவர் சொல்கிறார். "பார்த்துச் செய்கிறேன்" என்று மற்றவர் பதிலளிக்கிறார். கவனித்தல், பார்த்தல் என்ற தூய வினைகள்கூடத் தப்பவில்லை. அரபு, உருது வழியாக வந்த 'ரிஷ்வத்' என்ற சொல்லுக்கு அரபு அகராதியாளர்கள் தரும் விளக்கம் சிந்திக்கத்தக்கது: கிணற்று வாளியில் கட்டும் கயிற்றின் பெயரோடு அது தொடர்புடையதாம். கயிறில்லாமல் நீர் மேலே வராது. நியாயமாகக் கிடைக்க வேண்டிய நீரும், கயிற்றுக்கு விலை கொடுத்தால்தான் கிடைக்கும் என்றாகிவிட்ட சமுதாயத்தின் சித்திரம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இந்த இதமான பெயர்கள் செய்யும் தீங்கு பெரிது. திருடன் தன் செயலைத் திருட்டு என்று அறிந்திருக்கும் வரை அவனுக்கு மீட்சி உண்டு. மனசாட்சி என்றாவது ஒருநாள் அவனைக் குத்தும். திருட்டுக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் குத்துவதற்கு முள்ளே இல்லை. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் சத்தியத்தைக் கலியுகத்தின் தவமாகக் கருதினார். சத்தியம் என்றவுடன் நாம் பெரிய பிரதிக்ஞைகளை நினைக்கிறோம். செய்த செயலை அதன் பெயரால் அழைப்பதே சத்தியத்தின் முதற்படி.

ஆசாரம் சுருங்கிய கதை

பிரஷ்டாசாரம் என்ற சொல்லில் உள்ள ஆசாரம் தமிழகத்தில் வேறொரு கதிக்கு உள்ளாயிற்று. வாழ்வின் முழு ஒழுகலாற்றையும் குறித்த அச்சொல், மெல்ல மெல்ல நீராடல், மடி, உணவு விதிகள், தீட்டு என்ற எல்லைக்குள் சுருங்கியது. "அவர் ஆசாரமானவர்" என்றால், அவர் கணக்கில் நேர்மையானவர் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. அதனால் ஒரு விசித்திரம் சாத்தியமாயிற்று. விடியற்காலையில் நீராடி, ஸ்தோத்திரங்களை ஓதி, திருநீறோ திருமண்ணோ அணிந்து அலுவலகம் செல்லும் ஒருவர், மேசைக்கு அடியில் கையை நீட்டிவிட்டு மாலையில் வீடு திரும்பினாலும் ஆசாரமானவராகவே மதிக்கப்படுகிறார். வெளியே உண்ட ஒரு கவளத்தால் போய்விடும் ஆசாரம், வெளியே வாங்கிய ஓர் உறையால் போவதில்லை.

இதற்கு அடுத்த படி, வாங்கியதில் ஒரு பங்கை உண்டியலில் சேர்ப்பது. அதிகாரிக்குக் கொடுத்தால் காரியம் ஆகும் என்று கற்ற மனம், ஆண்டவனையும் ஓர் அதிகாரியாகவே காண்கிறது. காணிக்கை நன்றியின் வெளிப்பாடு, அன்பின் அடையாளம். பாவத்தில் பங்கு கொடுத்துக் கணக்கை நேர்செய்யும் முயற்சிக்குக் காணிக்கை என்ற பெயர் பொருந்தாது. இறைவனை நாம் எப்படி நினைக்கிறோமோ அப்படியே நாமும் ஆகிறோம் என்று நம் ஆன்றோர் கூறுவர். விலைக்கு இணங்கும் இறைவனை வழிபடுபவன் எதைப் போல் ஆவான்?

கொடை எது, லஞ்சம் எது?

அன்பாகக் கொடுப்பதெல்லாம் குற்றமா என்ற கேள்வி இங்கே நியாயமாக எழும். தீபாவளிக்குத் தபால்காரருக்கு இனிப்பு தருகிறோம். ஆசிரியருக்கு வேட்டி எடுத்துத் தருகிறோம். பண்பாட்டில் ஊறிய இந்த வழக்கங்களையும் லஞ்சத்தையும் பிரிக்கும் கோடு எது?

கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. கைம்மாறு கருதாமல் தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவருக்குத் தருவது சாத்துவிகம். பயனை நோக்கி, மனவருத்தத்துடன் தருவது ராஜசம். தகாத இடத்தில், அவமதிப்புடன் தருவது தாமசம். லஞ்சத்தைப் பயன் கருதிய ராஜச தானம் என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் பொருந்தாது. பயன் கருதித் தரும் வணிகத்திலாவது விற்பவன் தன் பொருளை விற்கிறான். லஞ்சம் வாங்குபவன் விற்பது தன்னுடைய பொருளையே அல்ல. அவன் கையெழுத்து அவனுடையதன்று, அந்த இருக்கையினுடையது. அந்த இருக்கை மக்களுடையது. பிறர் நம்பி ஒப்படைத்ததை விற்பதால் லஞ்சம் தானமும் ஆகாது, வணிகமும் ஆகாது. அது அடைக்கலப் பொருளைக் களவாடுவது.

இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. நாளை இவர் இந்தப் பதவியில் இல்லையென்றாலும் இதைக் கொடுப்பேனா? ஆம் என்றால் அது அன்பளிப்பு. இல்லை என்றால் கொடுப்பது மனிதருக்கு அல்ல, நாற்காலிக்கு. இரண்டாவது சோதனை, பத்துப் பேர் பார்க்க இதைக் கொடுக்க முடியுமா என்பது. ஜெர்மானியத் தத்துவ ஞானி கான்ட், 1795இல் எழுதிய 'நிலையான அமைதி' பற்றிய நூலில், பிறர் உரிமைகளைத் தொடும் ஒரு செயலின் விதியை வெளிப்படையாக அறிவிக்க முடியாவிட்டால் அச்செயல் நீதிக்குப் புறம்பானது என்று வாதிட்டார். அவர் அரசுகளைப் பற்றி எழுதியது மேசைகளுக்கும் பொருந்தும். இனிப்புப் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் எதிரில் நீட்டுகிறோம். உறையை மட்டும் ஏன் ஒட்டித் தருகிறோம்?

வேறொருவர் பெயரில் வாங்கினால் குற்றமில்லை என்ற சமாதானத்துக்கும் நம் மரபில் விடை உண்டு. லட்சுமிநாராயணர் என்ற மார்வாரி பக்தர் குருதேவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அளிக்க முன்வந்தார். அது லஞ்சமல்ல, பக்தியால் தந்த கொடை; எனினும் குருதேவர் ஏற்கவில்லை. ஹிருதயரின் பெயரில் வைக்கலாம் என்றபோதும் அது தமக்கு உரியதாகவே ஆகிவிடும் என்று மறுத்தார். அன்னை ஸ்ரீசாரதாதேவியிடம் கேட்கப்பட்டபோது, தாம் ஏற்றால் அது குருதேவர் ஏற்றதற்கே சமம் என்று கூறி அவரும் மறுத்துவிட்டார். பெயர் மாறினால் பொருள் மாறிவிடாது என்பதைத் துறவு நெறியில் நின்ற அந்தத் தெய்வத் தம்பதியர் அறிந்திருந்தனர். மனைவியின் பெயரிலும் மைத்துனரின் பெயரிலும் சொத்து சேர்த்து மனத்தை அமைதிப்படுத்த முயல்பவர்கள் நினைக்க வேண்டிய நிகழ்ச்சி இது.

கொடுத்தவர் வீழ்ந்தவரா?

இப்போது பாணேர் அன்பரின் கேள்விக்கு வருவோம். விடை சொல்வதற்கு முன் கொடுப்பவர்களுள் இரு வகையினரைப் பிரித்தறிய வேண்டும்.

தனக்கு உரிமையில்லாத ஒன்றைப் பெறக் கொடுப்பவர் ஒரு வகை. நீர் ஓடும் வழியை அடைத்துக் கட்டடம் எழுப்ப அனுமதி வாங்குபவர், தகுதியில்லாத மகனுக்கு வேலை வாங்குபவர், கலப்படப் பொருளுக்கு நற்சான்று வாங்குபவர். இங்கே கொடுப்பவரும் வாங்குபவரும் கூட்டாளிகள். இழப்பவர் அந்த அறையில் இல்லாத மூன்றாமவர்: வெள்ளத்தில் வீடிழக்கப் போகும் குடும்பம், தகுதியிருந்தும் வேலை கிடைக்காத இளைஞர், மருந்தை நம்பி வாங்கும் நோயாளி. இத்தகைய கொடுப்பில் இருவரும் சமமாக வீழ்ந்தவர்களே.

தனக்கு உரியதையே பெறுவதற்காக, நெருக்கப்பட்டுக் கொடுப்பவர் மற்றொரு வகை. ஓய்வூதியத்துக்கு அலையும் விதவை, இறப்புச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் மகன், பதிவுக்குப் பின்னும் பத்திரம் கைக்கு வராத குடும்பத்தலைவர். இவர்களை முதல் வகையினரோடு ஒரே தராசில் நிறுத்துவது அநீதி. வழிப்பறிக்காரனிடம் பையைக் கொடுத்தவனை யாரும் திருடன் என்று அழைப்பதில்லை. சட்டமும் இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோது லஞ்சம் கொடுப்பது நேரடியான குற்றமாக்கப்பட்டது. ஆயினும் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் உரிய அதிகாரிகளிடம் தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு.

அந்த ஏழு நாட்களில் ஆழ்ந்த தத்துவம் இருப்பதாகவே தோன்றுகிறது. நெருக்கடியின் கணத்தில் வளைந்தவரைச் சட்டம் தண்டிக்கவில்லை. அதன்பின் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கிறது. அறநெறியும் அதைத்தான் கேட்கிறது. கொடுத்துவிட்டு வந்தபின் அதற்கு எந்தப் பெயர் இடுகிறோம்? "என்னிடமிருந்து பறித்தார்கள், அது லஞ்சம், அதைத் தடுக்க என்னால் ஆனதைச் செய்வேன்" என்று ஒருவர் நினைத்தால் அவர் வளைந்தார், வீழவில்லை. "எல்லாம் மாமூல்தானே, யார் கொடுக்கவில்லை?" என்று நினைத்தால், அந்த நொடியில் நழுவல் தொடங்கிவிடுகிறது. அடுத்த முறை அவரே கேட்கப்படுவதற்கு முன் கையை நீட்டுவார். வரிசையில் நிற்பவர்களைத் தாண்டிச் செல்வதற்கும் கொடுப்பார். மூன்றாவது முறை தமக்கு ஒரு நாற்காலி கிடைக்கும்போது வாங்கவும் தயங்கமாட்டார்.

தமிழகம் தந்த தேசபக்தரான கே. சந்தானத்தின் தலைமையில் 1962இல் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்புக் குழு, கோப்பு விரைவாக நகரக் கொடுக்கும் பணத்துக்குத் தனிக் கவனம் செலுத்தியது. அதற்கு 'வேகப் பணம்' என்றே பெயரிட்டது. விரைவுக்காகக் கொடுப்பது வழக்கமானால், அந்த விலையைப் பெறுவதற்காகவே தாமதம் உண்டாக்கப்படும். நாம் கொடுக்கும் பணம் நம் கோப்பை நகர்த்துகிறது. கொடுக்க இயலாத ஏழையின் கோப்பை அதே இடத்தில் நிறுத்துகிறது. 1964இல் வந்த அக்குழுவின் அறிக்கையை ஒட்டியே மத்திய கண்காணிப்பு ஆணையம் உருவாயிற்று.

கொடுக்க மறுப்பதற்கு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். அதைவிடப் பெரிய விலையைத் தந்தவர்களும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்த இளம் பொறியாளர் சத்யேந்திர துபே, 2003 நவம்பரில் கயா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லோரிடமும் அத்தகைய தியாகத்தைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர் உயிரைக் கொடுத்துக் காத்த ஒன்றை நாம் ஓர் அரைநாள் காத்திருப்பைத் தவிர்ப்பதற்காக விட்டுவிடலாமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள உரிமையுண்டு. நமக்கு இன்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பொதுச் சேவைகளைக் குறித்த காலத்தில் பெறும் உரிமை 2015இல் சட்டமாகியிருக்கிறது. அங்குள்ள லஞ்ச ஒழிப்புத் துறையின் பெயரே 'லாச்லுச்பத் பிரதிபந்தக் விபாக்'; 1064 என்ற எண்ணில் அதை அழைக்கலாம். கயிறில்லாமல் நீர் இறைக்கும் வழிகள் முன்பைவிட இன்று அதிகம். அவற்றைப் பயன்படுத்தாமல் "வேறு வழியில்லை" என்று சொல்வோமானால், அந்தச் சொற்களின் உண்மையையும் சோதித்தாக வேண்டும்.

தன் இடம் அறிந்தவர்

வீழ்ச்சி என்றால் முதலில் ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தை அறிந்து நின்றவர் ஒருவரை அதே புணே நகரின் வரலாறு காட்டுகிறது. பேஷ்வாக்களின் ஆட்சியில் 1759இல் தலைமை நீதிபதியாக அமர்ந்தவர் ராம்சாஸ்திரி பிரபுணே. அன்றாடத் தேவைக்கு மேல் எதையும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை என்பது அவரது விரதம் என்று மராட்டிய வரலாற்றை எழுதிய கிராண்ட் டஃப் பதிவு செய்திருக்கிறார். மிகுதியாக வைக்க இடமில்லாத வீட்டுக்குள் லஞ்சம் எந்த வாசல் வழியாக நுழையும்?

அவரைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி ஆன்மீக நாட்டமுள்ள நமக்குக் குறிப்பாகப் பயன்படும். இளம் பேஷ்வா மாதவராவ் ஜபத்திலும் தியானத்திலும் நெடுநேரம் மூழ்கியிருந்தார். அரசுப் பணிக்காக வந்த ராம்சாஸ்திரி காத்திருந்து திரும்பினார். மறுநாள் தாம் காசிக்குப் போக விடை தருமாறு கேட்டார். காரணம் வினவிய பேஷ்வாவிடம், அந்தண தர்மப்படி வழிபாட்டிலேயே வாழ விரும்பினால் இருவருமே கங்கைக் கரைக்குப் போய்விடலாம், அரியணையில் அமர்ந்திருக்கும்வரை மக்களைக் காப்பதே வழிபாடு என்ற கருத்தை அஞ்சாமல் எடுத்துரைத்தார். மாதவராவ் அதை ஏற்று நடந்தார். பணம் வாங்குவது மட்டுமே இடம் நழுவுதல் அல்ல; பக்தியின் பெயரால் கடமையைக் கைவிடுவதும் இடம் நழுவுதலே என்பதை அந்த நீதிபதி கண்டிருந்தார். பூஜை முடியவில்லை என்று பத்து மணிக்கு அலுவலகம் வராதவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாதவராவுக்குப்பின் பேஷ்வாவான நாராயணராவ், 1773 ஆகஸ்டில் சனிவார் வாடாவுக்குள்ளேயே கொலையுண்டார். ஆணையில் 'பிடிக்க' என்றிருந்த மராத்திச் சொல், ஓரெழுத்து மாற்றத்தால் 'கொல்ல' என்று திருத்தப்பட்டது என்பது செவிவழிச் செய்தி. ஆவணத்தைத் திரிப்பதற்கு 'த என்பதை மா ஆக்குதல்' என்ற மரபுத்தொடர் இன்றும் மராத்தியில் உண்டு. ராம்சாஸ்திரி விசாரித்தார். புதிய பேஷ்வாவான ரகுநாதராவே பொறுப்பு என்று கண்டார். இதற்குப் பிராயச்சித்தம் உன் உயிர்தான் என்று அந்த ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே தீர்ப்புரைத்தார். அவர் ஆளும்வரை புணேயில் கால் வைப்பதில்லை என்று பதவியைத் துறந்து கிராமத்துக்குச் சென்றார். ஆட்சி மாறியபின் அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். நாற்காலியை விட்டு இறங்கியும் தன் இடத்திலிருந்து நழுவாதவர் அவர். நாற்காலியிலேயே அமர்ந்துகொண்டு இடம் நழுவியவர்கள் எத்தனையோ பேர்.

மீண்டும் ஏறுதல்

ஊழலைப் பற்றிப் பேசி முடிக்கும்போது நம்மிடம் ஒரு சோர்வு படிவது வழக்கம். ஊழ் என்றால் விதி. ஊழலும் இந்நாட்டின் விதி என்பதுபோல் பெருமூச்சு விடுகிறோம். இங்கேதான் பிரஷ்டம் என்ற சொல் நமக்குத் துணை செய்கிறது. ஊழல் என்ற சொல் சமுதாயத்தை எச்சரிக்கப் பொருத்தமானது. அழுகலைச் சுற்றியுள்ளவை தொற்றாமல் காக்க வேண்டும் என்று அது நினைவூட்டுகிறது. தனி மனிதனை நோக்கிப் பேசும்போது அது போதாது. ஒரு மனிதனை அழுகியவன் என்று ஒதுக்கிவிட்டால் அவனுக்குச் சொல்ல நம்மிடம் எதுவும் மிஞ்சாது.

வழுவியவன் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் அழிந்துபோவானா என்பதே கீதையில் அர்ஜுனனின் அச்சம். நன்மையை நாடியவன் எவனும் அழிவதில்லை என்று பகவான் அவனைத் தேற்றுகிறார். விட்ட இடத்திலிருந்து முயற்சி தொடரும் என்கிறார். அது யோக நெறியில் வழுவியவனுக்குச் சொன்ன ஆறுதல். பணத்துக்காக வழுவியவனுக்கும் அதில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆனால் அவன் முதலில் தான் விழுந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுவது என்பது இங்கே வெறும் உணர்ச்சியாகவும் நிற்க முடியாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அதன் பயனை அனுபவிப்பதையாவது நிறுத்த வேண்டும். அடுத்த முறை உறை நீளும்போது கையை இழுத்துக்கொள்ள வேண்டும்.

இல்லறத்தார் செய்யக்கூடிய சாதனை ஒன்று உண்டு. மாதத்தில் ஒருநாள் வரவு செலவுக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் பெயரிடாமல் விட்ட தொகைகளுக்கு உண்மையான பெயரை எழுதுங்கள். லஞ்சமானால் லஞ்சம் என்று எழுதுங்கள். வீட்டில் குழந்தைகள் கேட்டால் அந்தப் பெயரையே சொல்லுங்கள். அமைச்சரைப் பற்றிப் பேசும்போது நாம் பயன்படுத்தும் சொல்லை நமது கைக்கும் பயன்படுத்தும் துணிவு வந்தால், அந்தக் கை அடுத்த முறை சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கமே ஏறுமுகத்தின் முதற்படி. நாம் நிற்க வேண்டிய இடத்தை அறியவும், அறிந்த இடத்தில் உறுதியாக நிற்கவும் அன்னை நமக்கு அருள்புரிவாளாக.